அகமும் ஆரவாரமும்

ஓசூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் 2003-இல் தோன்றியது ‘அகம்’ இசைக்குழு. ஏ.ஆர்.ரகுமான் பங்கேற்ற சன் தொலைக்காட்சிப் போட்டியில் வென்று தமிழர்க்கு அறிமுகமாயிற்று. கருநாடகக் கீர்த்தனைகளை மின்கிதாரோடும் டிரம்ஸோடும் பாடுவது அதன் வழி.

2012-இல் வந்த முதல் இசைத்தொகுப்பையும் 2017-இல் வந்த இரண்டாவதையும் நிறுத்துப் பார்த்து இரசிகர்கள் வழக்காடுகின்றனர். முன்னது இசை, பின்னது ஆரவாரம் என்பது ஒரு சாராரின் முறையீடு. நமக்கு அது உடன்பாடன்று. சங்கதி என்பது ஓர் அடியையே திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் சற்றே வளர்த்தெடுப்பது. கிதாரின் அடியும் அவ்வாறே திரும்பத் திரும்ப வருகிறது. இவ்விரண்டும் பொருந்துமிடத்தைக் கண்டதே இக்குழுவின் சாதனை. பின்னதிலும் அப்பொருத்தம் குலையவில்லை.

குறை மேடையில் இருக்கிறது. ஹரிஷ் சிவராமகிருஷ்ணனின் குரல் ஏறுங்கால் டிரம்ஸும் உடன் ஏறுகிறது. சொல் அமுங்கிப் போகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடைவீதியில் கேட்கும் ஓசூரார்க்குத் தியாகராசரின் தெலுங்கு அயன்மொழியா என்ன? பொருள் நாடி வந்தவனுக்கு ஓசை மட்டும் மிஞ்சுவது பேரிழப்பு.

குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களைப் பக்கீர்கள் தாயிரா தட்டிப் பாடக் கேட்டவர்கள் நாம். (தாயிரா ஒன்றும் மெல்லிய கருவியன்று!) ஆயினும் சொல் வருமிடத்தில் கை தாழும். அகத்தார் இதனை அறியாதவரல்லர். துடுப்பின் சந்தத்தில் அமைந்த அவர்களது படகுப் பாட்டில் சொல்லும் தாளமும் ஒன்றையொன்று மிதிப்பதில்லை. கீர்த்தனைக்கு மட்டும் அந்தக் கவனம் ஏன் மறுக்கப்படுகிறது?