கேட்டுச் சேரும் குரல்கள்

டிக்டாக்கில் நான் மிகவும் ரசிப்பது டூயட் வசதியை. ஒருவர் பாடிய காணொளி ஒரு பாதியில் ஓட, அதைக் கேட்டபடியே நாம் பாடுவது மறுபாதியில் பதிவாகும். அந்த இரட்டைக் குரலோடு மூன்றாமவர் சேரலாம், அவரோடு நான்காமவர்.

இதன் அழகு முழுதாகத் துலங்கியது 2020 டிசம்பர் இறுதியில். ஸ்காட்லாந்தில் தபால்காரராக இருந்த நேத்தன் எவன்ஸ், 'வெல்லர்மேன்' என்ற பழைய நியூசிலாந்துத் திமிங்கில வேட்டைப் பாடலைத் தனியாகப் பாடி வெளியிட்டார். பெருந்தொற்றால் உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம். முன்பின் அறியாத ஒருவர் அடிக்குரல் சேர்த்தார்; இன்னொருவர் மேல்குரல்; வேறொருவர் வயலின். சில வாரங்களில் அது பெரிய சேர்ந்திசையாக வளர்ந்தது. 2021 மார்ச்சில் அதன் ரீமிக்ஸ் வடிவம் பிரிட்டன் இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

மாலுமிகள் கூடிப் பாடுவதற்கேற்ற பல்லவி அதில் உண்டு. தனிக்குரலிலும் அது பிறருக்கு இடம் விட்டே ஒலிக்கிறது. ஒத்திகை இல்லை, அறிமுகம் இல்லை. ஒரே நேரத்தில்கூட யாரும் பாடவில்லை. ஆனாலும் தாளம் கூடியது. முன்னவரை உற்றுக் கேட்டால்தான் பின்னவர் பாட முடியும் என்பது டூயட்டின் இலக்கணம். எல்லோரும் பேச முந்தும் இடத்தில் கேட்பதை முதல் நிபந்தனையாக்கிய இந்தக் கருவியை மனமாரப் பாராட்டத் தோன்றுகிறது.