கிரிட் கணிப்பும் செய்திப் பரிமாற்றமும்

கண்டி நகரை வளைந்தோடிக் கிழக்கே செல்லும் மகாவலியின்மீது விக்டோரியா அணை அமைந்துள்ளது. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதன் மின்னிலையம் 210 மெகாவாற்று ஆற்றலுடையது. பேராதனையில் விளக்கேற்றுவோர் அம்மின்சாரம் எங்கிருந்து வந்ததென வினவுவதில்லை. கணிப்பாற்றலையும் இவ்வாறே பெறலாம் என்னும் கருத்தே 'கிரிட்' என்னும் பெயருக்கு மூலமாயிற்று. 1998இல் இயன் பொஸ்டரும் கார்ல் கெசல்மனும் தொகுத்த நூல் அப்பெயரை நிலைநிறுத்திற்று.

உவமை அழகியதே, ஆயினும் ஓரிடத்திற் பிழைக்கின்றது. மின்சாரம் பேசுவதில்லை, ஒரு கணக்கைப் பங்கிட்டுக்கொண்ட கணினிகளோ தம்முட் பேசியே தீரவேண்டும். அப்பேச்சுக்கு எம்முறை சிறந்தது என்பதே வினா.

1994இல் வகுக்கப்பட்ட எம்.பி.ஐ. நேரடியாகச் செய்தியனுப்புவது, வேகத்தில் அதற்கு நிகரில்லை. 1991இல் தோன்றிய கோர்பா, தொலைவிலுள்ள பொருளை அருகிலுள்ளதுபோற் காட்ட முயன்றது. அம்மயக்கமே தவறென 1994இல் ஜிம் வால்டோ முதலியோர் எடுத்துரைத்தனர். 1997இல் வந்த ஜாவா ஆர்.எம்.ஐ. அழைப்புத் தவறலாம் என்பதை வெளிப்படையாகக் கூறவைத்தது; எனினும் இருமுனையிலும் ஜாவாவையே வேண்டிநின்றது. போர்ட்ரானில் எழுதப்பெற்ற பழங்கணக்குகளை உடைய விஞ்ஞானிக்கு அது பெருந்தடை. வலைச்சேவைகளோ எம்மொழிக்கும் இசைவன. ஆனால் எட்டு பைட்டில் அடங்கும் எண்ணைக் குறிகளிடையே எழுத்தாக்கிப் பன்மடங்கு பெருக்குவன.

இம்முறைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே கூடத்தில் வைத்தே அளக்கின்றனர். குறை ஈண்டே உளது. கூடத்தினுள் விரைவு இணைப்பில் ஒரு செய்தி சில மைக்ரோசெக்கனிற் சென்றடையும். ஒளியிழையிலோ ஒரு கிலோமீற்றருக்கு ஐந்து மைக்ரோசெக்கன் வேண்டும். பேராதனையிலிருந்து கொழும்பு சென்று மீள, இருநூறு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஆயிரம் மைக்ரோசெக்கனாம். எம்முறையும் இத்தாமதத்தைக் குறைக்கமாட்டாது. எனவே கூடத்தில் வென்ற முறை நாடளாவிய பல்கலைக்கழக வலையமைப்பிலும் வெல்லும் எனல் பொருந்தாது.

வானிலைக் கணக்கில் ஒவ்வொரு படியிலும் அயற்பகுதிகள் எண்களை மாற்றிக்கொள்ளல் வேண்டும். அதனைக் கடுகண்ணாவைக்கு இருபுறமும் பிரித்தால் கணினிகள் காத்தே களைக்கும். அது ஓரிடத்தில் எம்.பி.ஐ.யுடன் இருப்பதே தக்கது. மரபணு வரிசைகளை ஒப்பிடும் பணியோ தனித்தனித் துண்டுகளாவது. துண்டொன்று ஒருமணி நேரம் ஓடுமெனின், செய்தியின் பருமன் ஒரு பொருட்டன்று. இழை அறுந்தால் அத்துண்டை மீண்டும் அனுப்பினாற் போதும். எம்.பி.ஐ.யிலோ ஒரு கணினி வீழின் முழுப்பணியும் நின்றுவிடுவதே வழக்கம். கணினிகள் சிலவே உள்ள துறைக்கு அவ்விழப்பு பல நாளுழைப்பு.