மாராவுக்கு முன் மந்தை

ஆப்பிரிக்கக் காட்டுயிர் ஒளிப்படப் பயணத்துக்கு நம்மவர் ஆயத்தமாகும் முறையை நிறுத்துப் பார்த்தால், தராசு ஒரு பக்கமே தாழ்கிறது. காலத் தேர்வில் குறையில்லை. கென்யாவின் மசாய் மாராவில் வில்டபீஸ்ட் மந்தைகள் திரளும் ஜூலை–அக்டோபர் மாதங்களைச் சரியாகவே குறித்துவைக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்பட 10 நாள் முன்னரே போட்டு, சான்றிதழோடுதான் கிளம்புகிறார்கள். பிசகுவது கருவியில். நைரோபியிலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. கேமராவும் அதற்குள் அடக்கம். 600 மி.மீ. லென்ஸை அங்கே போய்த்தான் முதன்முதலாக உறையிலிருந்து எடுப்பவர், அதைச் சும்மாதான் சுமக்கிறார்.

அளவுகோல் நம்மிடமே உண்டு. பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே அமைத்த ‘சூப்பர் பாண்டரோசா’வோடு அலைந்தவர் காட்டுயிர் ஒளிப்படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996). அவருடைய கருப்பு வெள்ளைப் படங்களில் யானையோடு அது நிற்கும் காடும் வந்துவிடும். கருவியின் எளிமையை வியப்பது சுலபம். விலங்கின் அடுத்த அசைவை முன்கூட்டி அறிந்த கண்ணே அவர் சாதனை. ஆனால் நடந்தும் யானைமேல் அமர்ந்தும் அணுகிய அவர் வழி மாராவில் செல்லாது. அங்கே வண்டிச் சன்னல்தான் எல்லை.

அந்தச் சன்னலுக்குப் பழக தர்மபுரி போதும். பென்னாகரம்–ஒகேனக்கல் சாலையில் யானையைக் கண்டதும் இறங்கி ஓடுவதைப் பயிற்சி என்று சொல்ல மாட்டேன், அத்துமீறல் அது. மாலையில் மேய்ச்சலிலிருந்து திரும்பும் ஆட்டு மந்தை, செம்மண் புழுதி, எதிர்வெயில்: இவை போதும். 1/30 நொடியில் ஒரே ஆட்டைப் பின்தொடர்ந்து தலை தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். துணிப்பையில் கேழ்வரகை நிரப்பிச் சன்னல்மேல் வைத்தால், சிறுமணிகள் குழிந்து லென்ஸைப் பற்றிக்கொள்ளும். தையல் விட்டால் அதே மணி லென்ஸ் வளையத்துக்குள் புகும். இரட்டைத் தையல் வேண்டும். விமானத்தில் வெறும்பையே போதும், அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்கத் தானியந்தான். கென்யாவில் அதற்கு ‘விம்பி’ என்று பெயர்.

ஆடு சிங்கமாகாது என்ற மறுப்பு நியாயமே. வேட்டையின் வேகம் இங்கே கிடைக்காது. ஆனால் புழுதியில் ஃபோகஸ் நழுவுவதும் எதிர்வெயில் கேமராவின் ஒளிமானியை ஏமாற்றுவதும் இரண்டு இடத்திலும் ஒன்றே. நிலநடுக்கோட்டை ஒட்டிய மாராவில் இளவெயில் நெடுநேரம் நிற்காது. பிழை திருத்த அங்கே அவகாசமில்லை. ஜூலைக்குப் பதிவு செய்தவர்கள் இரண்டாவது லென்ஸுக்கு விலை கேட்பதை நிறுத்திவிட்டு, மார்ச்சிலேயே மந்தையின் பின்னால் போகட்டும்.