காப்பிக் கொட்டைக்கு ஓய்வு தேவையா?

வறுத்த காப்பிக் கொட்டையை உடனே அரைக்கலாமா, சற்று நேரம் வைத்திருந்து அரைக்க வேண்டுமா? இக்கேள்வியை நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். நாலு விதமான விடைகள் வரும். ஒவ்வொன்றும் உறுதியான குரலில் வரும். ஆனால் காரணம் கேட்டால் குரல் சற்றுத் தணியும். இந்த விடைகளைப் பற்றிய ஒரு திறனாய்வே இக்கட்டுரை.

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், பாகூர் கொம்யூனில், பிள்ளையார்குப்பம் இருக்கிறது. நெல் விளையும் சமவெளி. கடற்காற்று எட்டும் தொலைவு. காப்பிச் செடிக்கு இங்கே வேலையில்லை. அது மலைப் பயிர். நீலகிரி, சேர்வராயன், குடகு போன்ற மலைகளிலிருந்துதான் கொட்டை இறங்கி வர வேண்டும். அவ்வூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருப்புச் சட்டியில் கொட்டை வறுபட்டு, முறத்தில் கொட்டப்பட்டிருக்கிறது. வீடெங்கும் மணம்.

"சூடு தணியட்டும், நாளைக்கு அரைச்சுக்கலாம்" என்கிறார் ஆயா.

"ஆறினா மணம் போயிடும்மா. சூட்டோட அரைச்சாத்தான் காப்பி" என்கிறார் அவருடைய மூத்த மகன்.

"ரெண்டு பேர் சொல்றதும் இல்லை ஆயா. ஒரு வாரமாவது வைக்கணும், அப்பத்தான் உள்ளே இருக்கிற வாயு வெளியே போகும்" என்கிறாள் விடுமுறைக்கு வந்த பேத்தி.

மூவரில் யார் சொல்வது சரி? தீர்ப்புச் சொல்லுமுன் சட்டிக்குள் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம்.

சட்டிக்குள் நடப்பது

பச்சைக் கொட்டையில் சுமார் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். அடுப்பின் வெப்பம் முதலில் இந்த ஈரத்தை விரட்டுகிறது. கொட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 150 செல்சியசைத் தாண்டியதும் சர்க்கரைப் பொருள்களும் அமினோ அமிலங்களும் வினைபுரியத் தொடங்குகின்றன. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் தோசையின் அடி முறுகுவதும் இதே வினையால்தான். 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது.

200 செல்சியசை ஒட்டிக் கொட்டை படபடவென வெடிக்கும். உள்ளே திரண்ட நீராவியும் வாயுக்களும் கொட்டையின் சுவரைப் பிளக்கும் ஒலி அது. இன்னும் வறுத்தால் 225 செல்சியசுக்கு அருகில், காய்ந்த சுள்ளி முறிவதுபோல் மெல்லிய இரண்டாம் வெடிப்புக் கேட்கும். நம் பில்டர் காப்பிக்குப் பலரும் இந்த எல்லையை ஒட்டியே வறுக்கிறார்கள். ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுபட்டபின் 800 முதல் 880 கிராம் வரைதான் தேறும். எடை குறைகிறது, கொட்டையோ உப்பிப் பெரிதாகிறது. உள்ளே எண்ணற்ற நுண்ணறைகள் உருவாகியிருப்பதே அதற்குக் காரணம்.

அந்த அறைகளில் இரண்டு செல்வங்கள் அடைபட்டிருக்கின்றன. ஒன்று மணப்பொருள்கள். வறுத்த காப்பியில் 800-க்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்கள் கண்டறியப்பட்டுள்ளன. மற்றொன்று கரியமில வாயு. இது வறுத்த கொட்டையின் எடையில் சுமார் 1 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். சிறிய அளவு என்று எண்ணாதீர்கள். 200 கிராம் கொட்டையில் 1 சதவீதம் என்றால் 2 கிராம். நம் ஊர் வெப்பநிலையில் 2 கிராம் கரியமில வாயு ஒரு லிட்டருக்குச் சற்று மேலான இடத்தை அடைக்கும்! இவ்வளவு வாயுவும் ஒரு கைப்பிடி கொட்டைக்குள் அடங்கியிருந்து, பல நாட்கள் மெல்ல மெல்ல வெளியேறுகிறது.

நம் வழக்கின் மையம் இந்த வாயுதான். மூவரின் கூற்றுகளையும் இதை வைத்தே எடை போடலாம்.

சூட்டோடு அரைப்பது

மணம் விரைவாகப் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. மிகச் சிறந்த மணம் தரும் சில கந்தகச் சேர்மங்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. ஆக்சிஜன் பட்டால் சிதைபவை. மகன் தவறுவது காலத்தைக் கணிப்பதில்தான். முழுக் கொட்டை தன் மணத்தை நாட்கணக்கில் காத்து வைக்கிறது. நுண்ணறைகளின் சுவர்களே அதற்கு மூடி. அரைத்தல் என்பது அந்தச் சுவர்களை இடிப்பது. இடித்த சில நிமிடங்களிலேயே அடைபட்ட வாயுவில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. அதனுடன் மணமும் கிளம்பிவிடுகிறது. கொட்டை சூடாக இருந்தால் இந்த இழப்பு இன்னும் விரைவாக நடக்கும். அரைக்கும்போது வீதி வரை வீசும் மணம், தம்ளருக்கு வராமல் போன மணம்தான்.

ஆகவே அவர் சொன்னதில் பாதியை வைத்துக்கொள்ளலாம்: டிகாக்ஷன் போடும் வேளையில் அரைப்பது நல்லது. சூட்டோடு அரைக்க வேண்டும் என்பதைத் தள்ளிவிடலாம்.

ஒரு வாரம் ஓய்வு

பேத்தி சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது. வாயு மிகுந்த பொடியின்மேல் வெந்நீர் விழுந்தால் பொடி பொங்கி எழும். குமிழிகள் நீரைத் தள்ளும். சில துகள்கள் நனையும், சில நனையா. சாரம் சீராக இறங்காது. எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்தில் இது பெரிய தொல்லை. அங்கே சுமார் 9 வளிமண்டல அழுத்தத்தில், 25 அல்லது 30 விநாடிக்குள் வேலை முடிய வேண்டும். சீராக நனைவதற்குப் பொடிக்கு நேரமே இல்லை. அதிலும் இளவறுப்புக் கொட்டையின் திசு நெருக்கமானது. வாயு மெதுவாகவே கசியும். ஆகவே அத்தகைய காப்பிக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஓய்வு தருவது பொருளுள்ள அறிவுரை.

ஆனால் ஓர் அறிவுரையை இடம் மாற்றும்போது அதன் நிபந்தனைகளையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். நம் பில்டரில் அழுத்தம் கிடையாது. நீர் தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. கொட்டையோ கருக வறுத்தது. நுண்துளைகள் மிகுந்து வாயுவை விரைவில் விடுவது. பிறகு அதை அரைக்கிறோம். எஞ்சிய வாயுவிலும் பெரும்பகுதி அப்போதே போகிறது. பல வீடுகளில் சிக்கரி சேர்கிறது, கடைசியில் பாலும் சர்க்கரையும் சேர்கின்றன. ஏழு நாள் ஓய்வின் நுட்பமான பயன் இத்தனை படிகளையும் தாண்டி நாக்கை எட்டுமா?

எஞ்சிய வாயுவுக்கும் எளிய வழி உண்டு. பொடியின்மேல் முதலில் அது நனையும் அளவுக்கு மட்டும் கொதிநீர் ஊற்றி, அரை நிமிடம் பொறுத்து, பிறகு மீதி நீரை ஊற்றுங்கள். வாயு பொங்கி வெளியேறி அடங்கிவிடும்.

தேர்ந்த சுவைஞர்களின் வழக்கத்தையும் பார்ப்போம். அமெரிக்கச் சிறப்புக் காப்பிக் கழகம் வகுத்த சுவைச் சோதனை விதிமுறை, மாதிரிக் கொட்டை சோதனைக்கு முந்திய 24 மணி நேரத்துக்குள் வறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், குறைந்தது 8 மணி நேரம் ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்றும் கூறியது. அவர்கள் வடிகட்டாமல் ஊறவைத்துச் சுவைப்பவர்கள்; ஆகவே இதை நம் பில்டருக்கு அப்படியே பொருத்த முடியாது. எனினும் ஒரு வாரம் வைக்காத காப்பியைக் குடிக்கவே முடியாது என்ற பேச்சை இது மறுக்கிறது.

நாளைக்கு அரைக்கலாம்

இனி ஆயாவின் கூற்று. அவர் சொன்ன காரணம் தவறு. சூடு தணிய ஒரு நாள் தேவையில்லை. முறத்தில் பரப்பிப் புடைத்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அப்படி விரைவாகத் தணிக்கவும் வேண்டும், இல்லையேல் தன் வெப்பத்திலேயே கொட்டை மேலும் வறுபடும். ஒரு நாளில் தணிவது சூடு அல்ல, வாயுவின் வேகம். முதல் நாளில்தான் வாயு மிக வேகமாக வெளியேறுகிறது. ஆக, காரணம் பிழை. செயல் ஏறத்தாழச் சரி.

இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். "பார்த்தீர்களா, முன்னோர் அன்றே அறிவியல் அறிந்திருந்தனர்" என்று முழங்குவோர் உண்டு. தமிழர் வீடுகளில் காப்பி பரவலானதே சில தலைமுறைகளுக்கு முன்புதான். காலனி ஆட்சிக்காலத் தமிழ்ச் சமூகத்தில் அது இடம்பிடித்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்து எழுதிய நூலின் தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) என்பதாகும். ஆயாவின் வழக்கம் பழமையால் சரியாகவில்லை. வாரந்தோறும் வறுத்து, நாள்தோறும் குடித்து, நன்றாக வந்ததை வைத்துக்கொண்டு, வராததை விட்டதால் சரியானது. ஏட்டில் எழுதப்படாவிட்டாலும் அது சோதனைதான். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் பிழை. கேள்வி கேட்காமல் வணங்குவதும் பிழை.

மூவரும் மறந்தது

மூவரும் நாட்களை எண்ணினார்கள். கொட்டை எங்கே வைக்கப்படுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடலோர ஊரில் அதுவே முதற்கேள்வி. வறுத்த கொட்டையில் ஈரம் மிகக் குறைவு. ஆகவே ஈரக்காற்றிலிருந்து விரைவில் ஈரத்தை உறிஞ்சும். சிக்கரி கலந்த பொடி இன்னும் விரைவாக உறிஞ்சிக் கட்டியாகும். ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்தால் எண்ணெய்ப் பொருள்கள் சிக்கு வாடை அடிக்கும். வெளியேறும் கரியமில வாயு டப்பாவுக்குள் தங்கியிருந்தால் ஆக்சிஜனை ஓரளவு விலக்கி வைக்கும். தட்டில் பரப்பித் திறந்து வைத்தால் அந்தக் காவலும் போய்விடும். அதற்கு ஓய்வு என்று பெயரிட முடியாது, அது கெடுதல்.

முதல் நாள் மூடியைத் தளர்வாக வையுங்கள். இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் வாயு அழுத்தம் சேரும். மறுநாள் முதல் காற்றுப் புகாமல் மூடி, அவ்வப்போது வேண்டிய அளவு மட்டும் அரைத்து, ஓரிரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். பச்சைக் கொட்டை பல மாதம் தாங்கும். ஆனால் அதுவும் ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கும். வறுக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். புகை ஒருபுறமிருக்க, வறுத்த கொட்டை சிறிதளவு கார்பன் மோனாக்சைடையும் வெளியிடுகிறது. வீட்டு அளவில் காற்றோட்டமே போதும். மூட்டை மூட்டையாக வறுத்துச் சேமிக்கும் ஆலைகளில் இது தொழிலாளர் பாதுகாப்புப் பிரச்சினை.

நீங்களே சோதியுங்கள்

இக்கட்டுரையையும் நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள்.

முதலாவது: புதிதாக வறுத்து ஆறிய கொட்டையை ஒரு புட்டியில் முக்கால் பங்கு நிரப்பி, வாயில் பலூனை மாட்டுங்கள். தொங்கிக் கிடந்த பலூன் ஓரிரு நாளில் நிமிரத் தொடங்கும். அந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வழியே செலுத்தினால் நீர் பால்போல் வெளுக்கும். கரியமில வாயுவின் அடையாளம் அது.

இரண்டாவது: ஒரே கொட்டையை இன்று ஒரு பகுதியும், ஆறு நாள் கழித்து மறு பகுதியும் ஒரே நிறம் வரும்வரை வறுங்கள். ஏழாம் நாள் இரண்டிலும் ஒரே அளவில் காப்பி போடுங்கள். மூன்று தம்ளர்களில் இரண்டில் ஒரு வகையும் ஒன்றில் மற்ற வகையும் ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றுபவர் வேறு, சுவைப்பவர் வேறாக இருக்க வேண்டும். வேறுபட்ட தம்ளரைக் கண்டுபிடிக்க முடிகிறதா? குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆறு முறை செய்து ஐந்து முறையாவது சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்காக நேர 729-இல் 13 வாய்ப்புகளே உள்ளன. அதாவது 2 சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் நாக்கு உண்மையிலேயே வேறுபாட்டை அறிகிறது என்று அப்போது கொள்ளலாம். அறியவில்லையென்றால், ஒரு வாரம் காத்திருப்பதால் உங்களுக்குப் பயனில்லை.

இறுதியாக, வீட்டில் வறுக்காமல் கடையில் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. பொட்டலத்தில் சிக்கரியின் அளவு அச்சிடப்பட்டிருக்கும்; காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. பொட்டலம் கட்டிய தேதியும் இருக்கும். வறுத்த தேதி பெரும்பாலும் இருக்காது. "உங்கள் கண்ணெதிரே அரைத்துத் தருகிறோம்" என்பது அரைத்த நேரத்தைச் சொல்கிறதே தவிர, வறுத்த நாளைச் சொல்வதில்லை. அந்த ஒரு தேதி தெரியாவிட்டால் ஆயாவின் விதியையோ பேத்தியின் விதியையோ கையாள வழியில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, "இது என்றைக்கு வறுத்தது?" என்று கேளுங்கள். பலரும் கேட்கத் தொடங்கினால், தேதியும் பொட்டலத்தில் ஏறும்.