தேடுபொறியும் தேடுவோன் சொல்லும்

இலாய் பாரிசர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி ஃபில்டர் பபிள்' என்னும் நூலின் முன்னுரையில் ஒரு சிறு சோதனை இடம்பெறுகிறது. 2010ஆம் ஆண்டு டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடித்து, மெக்சிகோ வளைகுடா கறுத்துக்கொண்டிருந்த வேளை. நண்பர் இருவரைக் கூகுளில் 'பி.பி.' என்னும் நிறுவனப் பெயரைத் தேடுமாறு ஆசிரியர் கேட்டார். ஒருவருக்கு முதலீட்டுத் தகவல் கிடைத்தது. மற்றவருக்கு எண்ணெய்க் கசிவுச் செய்தி கிடைத்தது. 2009 டிசம்பர் முதல் ஆளுக்கேற்ப விடை மாறுவதே இதற்குக் காரணம் என்கிறார். 'பருவநிலை மாற்றத்திற்குச் சான்று' எனத் தேடினாலும், சூழல் ஆர்வலர்க்கு ஒன்றும் எண்ணெய் நிறுவன அதிகாரிக்கு மற்றொன்றும் வரக்கூடும் என்பது அவர் அச்சம்.

அச்சம் நியாயமானது, சான்றுதான் மெலிந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆளுக்கொரு பானை என வாதிடும் நூலுக்கு அப்பழமொழி எங்ஙனம் துணை நிற்கும்?

நூலின் கவனம் தேடும் ஆளின்மேல் நிற்கிறதேயன்றி, அவன் இடும் சொல்லின்மேல் நிற்கவில்லை. 'பூமி வெப்பமடைவது ஏன்?' என்பானுக்கும் 'பூமி வெப்பமடைவது பொய்யா?' என்பானுக்கும் ஒரே விடை வருதல் அரிது. பின்னவன் யாரென்று பொறி அறிய வேண்டுவதில்லை. 'பொய்' என்னும் சொல்லே அச்சொல் நிறைந்த பக்கங்களை இழுத்து வரும். மேலும், லேரி பேஜும் செர்கேய் பிரின்னும் 1998இல் விளக்கிய முறையில், ஒரு பக்கம் மற்றொன்றைச் சுட்டுவது பரிந்துரையாகக் கொள்ளப்பட்டது. புகழ்ந்து சுட்டினும் இகழ்ந்து சுட்டினும் சுட்டலே! மறுப்பதற்காகச் சுட்டியவரும் பொய்க்கு ஏணி வைத்தவராயினர்.

எனினும் பாரிசரின் ஒரு கருத்து மறுக்கவொண்ணாதது. நாளிதழ் வாங்குவோன் அதன் சார்பை அறிந்தே வாங்குகிறான். தேடுபொறியின் முன் அமர்வோனுக்கோ எது விடுபட்டது என்பதே தெரியாது. நூலின் உயிர்நாடி இதுவே.

புவி வெப்பமடைவதற்கு மனிதரே காரணம் என்பதில் ஐயமில்லை என ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021இல் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில், அதனை மறுக்கும் பக்கங்களுக்கு விளம்பரம் இல்லையென்று கூகுளும் அறிவித்தது. அது வருவாயைத் தடுக்கும் ஏற்பாடேயன்றித் தேடல் வரிசையைத் தொடும் ஏற்பாடன்று.

பள்ளிச் சொற்போர்களில் இதன் விளைவைக் காணலாம். நேரணி மாணவன் தன் சொல்லை இட்டுப் பத்துப் பக்கம் அச்சிட்டு வருகிறான். எதிரணி மாணவனும் தன் சொல்லை இட்டுப் பத்துப் பக்கம் கொண்டுவருகிறான். நடுவர் மேசையில் இரண்டு கட்டும் ஒரே கனத்தில் கிடக்கின்றன.