செசபீக் விரிகுடாவின் மர வாத்துகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ளது செசபீக் விரிகுடா. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நீர்ப்பறவைகள் அங்கே கூட்டங்கூட்டமாக வந்திறங்கும். அவற்றைத் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு வரவழைக்க, மரத்தில் வாத்து செய்து மிதக்கவிட்டார்கள் கரையோர மக்கள். கலை என்ற பேச்சு பிற்பாடு வந்ததுதான். ஜோயல் பார்பர் என்ற கட்டடக் கலைஞர் 1934இல் இந்த மர வாத்துகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

ஊருக்கு ஊர் பாணி மாறும். வடகோடியில் ஹாவர் டி கிரேஸ் வாத்துக்கு உருண்ட அடிவயிறு, மேல்நோக்கிய வால். ஒரே வேட்டைக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டதால் சாயம் சில வீச்சுகளோடு சரி. அங்கே பேர்பெற்ற மாடிசன் மிட்செலுக்குப் பிழைப்பு ஈமச்சடங்கு நடத்துவது! தெற்கே கிரிஸ்ஃபீல்டில் லெம், ஸ்டீவ் வார்ட் சகோதரர்கள். தகப்பனைப் போலவே முடிதிருத்துவோர். அவர்களுடைய வாத்து தட்டை அடி, அகன்ற உடல். பெரும்பாலும் ஸ்டீவ் செதுக்க, லெம் சாயம் தீட்டுவார்.

என் மனம் போவது வர்ஜீனியாக் கரையின் காப் குடும்பத்தாரிடம். 1830களில் கேப் காடிலிருந்து வந்து ஒரு தீவில் குடியேறியவர்கள். மரம் அரிதான இடம். உடைந்த கப்பல்களின் பாய்மரத்துண்டைக் குடைந்து உடலாக்கினார்கள். கழுத்துக்கும் தலைக்கும் இயல்பாகவே வளைந்த வேரைத் தேடி எடுத்தார்கள். அதனால் ஒரு வாத்தின் கழுத்து போல் இன்னொன்று இராது: ஒன்று மேயும், ஒன்று சீறும். அடியில் செய்தவரின் முதலெழுத்தைச் செதுக்கிவிடுவார்கள்.

எந்தப் பாணியானாலும் பரீட்சை தண்ணீரில்தான். வீசி எறிந்தால், வயிற்றில் அடித்த ஈயம் அதைத் தானே நிமிர்த்த வேண்டும். ஈரத்தில் சாயம் பளபளக்கக் கூடாது, பறவை மிரண்டுவிடும். மெல்லிய அலகு அழகுதான், ஆனால் படகில் அள்ளிப்போடும்போது ஒடிந்துவிடும்.

வேட்டைப் பறவைகளை விற்பதற்கு 1918ஆம் ஆண்டுச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது; மர வாத்துக்கான தேவையும் குறைந்தது. பிறகு பிளாஸ்டிக் வாத்து வந்தது. பிழைப்பு போன கைகள் அலமாரிக்குச் செதுக்கத் தொடங்கின. சூட்டுக்கோலால் இறகின் ஒவ்வோர் இழையையும் கீறுகிறார்கள். அசாத்தியத் திறமை, எனக்கோ அது பாடம் செய்த பறவையாகவே படுகிறது. வார்ட் சகோதரர் பெயரால் 1971 முதல் நடக்கும் உலகப் போட்டியில், இன்றும் சில பிரிவுகளில் வாத்தைத் தொட்டி நீரில் விட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள். போனால் நான் முதலில் அந்தத் தொட்டிப் பக்கம்தான் போவேன்.