எது முதலில் வந்தது? காஸ்டில்-ஏஎஃப் ஆய்வை மறுபடி படித்தபோது

2018-இல் காஸ்டில்-ஏஎஃப் ஆய்வு வெளிவந்தபோது ஒரே மூச்சில் படித்துவிட்டு, "கேள்விக்கு விடை கிடைச்சாச்சு" என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். போன வாரம் மாமா தன் எக்கோ ரிப்போர்ட்டை அனுப்பி, "ஏம்ப்பா, இந்த அப்லேஷன நான் செஞ்சுக்கலாமா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்காக ஆய்வைத் திரும்ப எடுத்தேன். நோட்டில் எழுதிய வரியை அடிக்கவேண்டியதாகிவிட்டது.

பின்னணி இதுதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றன. கீழறைகள் தாறுமாறாக, பெரும்பாலும் வேகமாகத் துடிக்கின்றன. மாதக்கணக்கில் இப்படியே ஓடினால் இதயத்தசை தளர்ந்துவிடலாம். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும்: மாரடைப்பாலோ வேறு காரணத்தாலோ தளர்ந்த இதயத்தில் மேலறை விரிந்து, அதனால் இதே தாளக்கோளாறு வரும். எக்கோவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் முதல் வகையில் தாளத்தைச் சரிசெய்தால் தசை தேறிவிட வாய்ப்பு அதிகம்.

2008-இல் வந்த ஏஎஃப்-சிஎச்எஃப் ஆய்வு 1376 பேரை எடுத்துக்கொண்டு, மருந்தால் தாளத்தைச் சீராக்குவதையும் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவதையும் ஒப்பிட்டது. இதயநோயால் இறந்தவர்கள் 27%, 25%. வித்தியாசமே இல்லை. "தாளத்தைத் துரத்திப் பயனில்லை" என்ற எண்ணம் வேரூன்ற இது ஒரு காரணம்.

அதை அசைத்ததுதான் காஸ்டில். எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 35%-ஐத் தாண்டாத 363 பேர். மரணம் அல்லது இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது, அப்லேஷன் குழுவில் 28.5%, மருந்துக் குழுவில் 44.6%. மரணம் மட்டும் 13.4%, 25%. பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை.

ஆனால் மூவாயிரம் பேருக்கு மேல் பரிசீலித்துத்தான் இந்த 363 பேரை எடுத்தார்கள். எல்லாருக்கும் ஏற்கெனவே டிஃபிப்ரிலேட்டர் கருவி பொருத்தியிருந்தது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது டாக்டருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். இறந்தவர்கள் ஒரு பக்கம் 24, மறுபக்கம் 46. கணக்கு இந்தச் சின்ன எண்களில்தான் நிற்கிறது. இரத்தக்குழாய் அடைப்பால் இதயம் தளர்ந்தவர்கள் அப்லேஷன் குழுவில் 40%, மருந்துக் குழுவில் 52%. தேறும் வாய்ப்பு குறைந்தவர்கள் ஒரு பக்கம் கூடுதலாக இருந்திருக்கிறார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. கோளாறால் தசை தளர்ந்தவரையும், தசை தளர்ந்ததால் கோளாறு வந்தவரையும் இந்த ஆய்வு ஒரே கூடையில் போட்டுவிட்டது. சராசரி கிடைத்தது. ஆனால் மாமா சராசரி இல்லையே!

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டது மெல்பர்னில் நடந்து 2017-இல் வந்த கேமரா-எம்ஆர்ஐ. வேறு காரணம் எதுவும் தென்படாதவர்களை மட்டும் எடுத்தார்கள், 68 பேர். ஆறு மாதத்தில் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் அப்லேஷன் குழுவில் சராசரியாக 18 புள்ளி ஏறியது, மற்றதில் 4 புள்ளிதான். மருந்துக் குழுவிலும் துடிப்பின் வேகம் கட்டுக்குள்தான் இருந்தது. அப்படியானால் வேகம் மட்டுமல்ல, ஒழுங்கின்மையே தசையைக் கெடுக்கிறது என்று தோன்றுகிறது. எம்ஆர்ஐயில் தழும்பு இல்லாதவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். சின்ன ஆய்வு, ஆறே மாதம், மரணத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோளாறுதான் காரணம் என்பது, தாளம் சரியாகித் தசை தேறின பிறகுதான் உறுதியாகும். அதுவரை ஊகம்தான். அந்த ஊகத்தைப் பலப்படுத்துவது எம்ஆர்ஐயும் பழைய ரிப்போர்ட்டுகளும்.

மாமாவிடம் "செய்யுங்க" என்றும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. அது அவருடைய டாக்டர் எடுக்கவேண்டிய முடிவு. "இரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. கண் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ஈசிஜி, எக்கோ ஏதாவது இருக்கா பாருங்க" என்றேன். பீரோவைக் குடைந்துகொண்டிருக்கிறார்.